ஞாயிறு மேசைக்கு எந்த ஃபார்மேட்? ஸ்டாண்டர்டு, மாடர்ன், கமாண்டர், பாப்பர், கியூப்

எங்கள் குழுவில் எட்டுப் பேர். ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கூடி மேஜிக் ஆடுகிறோம். மேஜிக் த கேதரிங்தான், 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கியது, டிரேடிங் கார்டு ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது. இதுவரை யார் எந்த டெக்கை (தானே கட்டிய கார்டுக் கட்டு) கொண்டுவந்தாலும் சரி என்று ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஓடவில்லை. போன மாதம் ஒரு ஞாயிறு மூன்று பேர் பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள். யாரும் கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை, "வீட்ல கொஞ்சம் வேலை இருக்கு" என்று மட்டும் சொன்னார்கள். எனக்கு அதுதான் பெரிய எச்சரிக்கையாகப் பட்டது. சண்டை போடுகிறவன் அடுத்த வாரம் வந்துவிடுவான், வேலை இருக்கு என்று போகிறவன் மெல்ல நின்றுவிடுவான்.

அதனால் ஒரே ஒரு ஃபார்மேட்டைத் தேர்ந்தெடுத்து ஒரு வருடம் அதையே ஆடுவது என்று பேசியிருக்கிறோம். எது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. நான் என் பக்கத்தை விரிவாக எழுதிவிடுகிறேன், இதே குழப்பத்தில் இருக்கிற வேறு குழுக்களுக்கும் உதவலாம்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். ரம்மி ஆடும்போது சமநிலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரே கட்டு, கலைத்து, வெட்டி, ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. கை மோசம் என்றால் ஸ்கூட் விட்டுவிட்டு அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கலாம். இங்கே அப்படி இல்லை, ஆளாளுக்குத் தன் கட்டைத் தானே கட்டிக்கொண்டு வருகிறார்கள். முப்பது வருடமாக அச்சடித்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்டுகளில் எதை எடுப்பது என்பதே ஆட்டத்தின் பாதி. அதில் ஒரு கார்டு கொஞ்சம் தூக்கலாக அமைந்துவிட்டால் எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள், எடுக்காதவர்கள் தோற்பார்கள், அப்புறம் எட்டுப் பேரும் ஒரே டெக்கை எட்டு விதமான ஸ்லீவில் போட்டு ஆடிக்கொண்டிருப்போம். ஆகவே யாராவது ஒருவர் எல்லை போட்டே ஆக வேண்டும். ஃபார்மேட் என்பது அந்த எல்லைதான். இந்த ஒப்பீடு முழுக்க அந்த எல்லையை யார் போடுகிறார்கள், எவ்வளவு சீக்கிரம் திருத்துகிறார்கள் என்பதைப் பற்றியது என்று சொன்னாலும் தப்பில்லை.

சமநிலை வேறு, சுவாரசியம் வேறு. எங்கள் பேச்சில் இரண்டும் கலந்து கலந்து வந்ததால்தான் இரண்டு மணி நேரம் வீணானது. சமநிலை என்பது ஆயிரம் ஆட்டத்தின் கணக்கு. எந்த டெக் நூறுக்கு எத்தனை ஜெயிக்கிறது என்று பார்ப்பது. ஞாயிறு மாலை நான்கு ஆட்டம் ஆடுகிறவருக்கு நூறுக்கு ஐம்பதும் ஐம்பத்தைந்தும் ஒன்றுதான், கண்ணுக்கே தெரியாது. அவருக்குத் தெரிவது வேறு ஒன்று, தோற்ற ஆட்டத்தில் தான் ஆடினோமா இல்லை வேடிக்கை பார்த்தோமா என்பது.

இதற்கு நல்ல உதாரணம் 2012 அக்டோபரில் சியாட்டிலில் நடந்த ப்ரோ டூர் என்ற பெரிய டோர்னமென்ட். செக் நாட்டு ஆட்டக்காரர் ஸ்டானிஸ்லவ் சிஃப்கா "எக்ஸ்" (முட்டைகள்) என்று அழைக்கப்பட்ட மாடர்ன் ஃபார்மேட் டெக்கால் அதை வென்றார். சின்னச் சின்ன ஆர்ட்டிஃபாக்ட்களை (பொருள் வகைக் கார்டுகள்) உடைத்து கார்டு எடுப்பது, செகண்ட் சன்ரைஸ் என்ற கார்டால் உடைத்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவருவது, மறுபடி உடைப்பது. ஒரு முறை தொடங்கினால் கால் மணி நேரம்கூட அவர் ஒருவரே ஆடிக்கொண்டிருப்பார். எதிரே இருப்பவர் தன் கையில் இருக்கிற கார்டுகளை அடுக்குவார், மறுபடி அடுக்குவார், பக்கத்து மேசையைப் பார்ப்பார். 2013 மே மாதம் செகண்ட் சன்ரைஸைத் தடை செய்தார்கள். அது எல்லோரையும் அடித்து நொறுக்கியதால் வந்த தடை இல்லை. ஒரு டர்ன் (ஒருவர் ஆடும் முறை) அவ்வளவு நேரம் இழுப்பதால் டோர்னமென்டே தாமதமாகிறது என்பதுதான் சொன்ன காரணம். போக்கிமான் ஆட்டத்திலும் இதே போல ஒன்று உண்டு, 2015-இல் லைசாண்டர்ஸ் ட்ரம்ப் கார்டு என்ற கார்டைத் தடை செய்தார்கள். தூக்கிப்போட்ட கார்டுகளையெல்லாம் இரண்டு பேரும் மறுபடி டெக்கில் கலக்க வேண்டி வந்ததால் ஆட்டம் முடியாமல் நீண்டுகொண்டே போனது. ஆக, உருவாக்குகிறவர்களுக்கே தெரியும், ஜெயிக்கும் சதவீதம் மட்டும் பார்த்தால் போதாது என்று.

அதனால் ஒவ்வொரு ஃபார்மேட்டையும் நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன். தோற்கிறவர் கடைசிவரை ஆடுகிறாரா? பணமும் நேரமும் அதற்குப் பிறகுதான்.

ஸ்டாண்டர்டை முதலில் எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். அண்மையில் வந்த செட்டுகள் (ஒன்றாக வெளியாகும் கார்டுத் தொகுப்புகள்) மட்டும் செல்லும், பழையவை சுழற்சியில் வெளியேறும். முன்பு ஏறக்குறைய இரண்டு வருடம், 2023-இல் அதை மூன்றாக்கினார்கள். சுழற்சி என்பது அழகான யோசனைதான், எந்தத் தொல்லையும் நிரந்தரம் இல்லை. ஆனால் 2025-இல் ஆறு செட் ஸ்டாண்டர்டுக்குள் வந்தது, ஃபைனல் ஃபேன்டஸி, ஸ்பைடர்மேன் உட்பட. அதே வருடம் ஜூன் இறுதியில் ஒரே அறிவிப்பில் ஏழு கார்டுகளைத் தடை செய்தார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புது கார்டு வாங்கி, வாங்கியதில் எது தடையாகும் என்று பயந்துகொண்டு, அதுவும் இங்கே வந்து சேருவதற்குள் விலை ஏறிவிடும் நிலையில், எட்டுப் பேரும் ஈடுகொடுக்க முடியாது. எங்களில் இரண்டு பேர் கல்லூரி மாணவர்கள்.

ஸ்டாண்டர்டில் எனக்கு மறக்கவே முடியாத ஆட்டம் 2019 நவம்பரில். ஓக்கோ, தீஃப் ஆஃப் கிரவுன்ஸ் என்ற கார்டு. அக்டோபரில்தான் வெளியானது. எதிராளி முதல் டர்னில் கூடுதல் மனா தரும் கில்டட் கூஸ் வைத்தார், இரண்டாவது டர்னிலேயே மூன்று மனா (கார்டை இறக்கத் தரும் விலை) தந்து ஓக்கோவை இறக்கினார். நான் மூன்று வாரம் யோசித்துக் கட்டிய டெக். என் டிராகன் வந்தது, ஓக்கோ அதை எல்க் மானாக்கினார், எல்லாத் திறமையும் போய் வெறும் மூன்றுக்கு மூன்று, தாக்கவும் மூன்று, தாங்கவும் மூன்று. அடுத்து வைத்ததும் மான். என் மேசையில் நான்கு கார்டு கிடந்தன, படம் நான்கு விதம், ஆனால் நான்கும் மான். ஒவ்வொரு முறை அவர் ஒரு கார்டை மானாக்கும்போதும் ஓக்கோவின் லாயல்டி, அதாவது அதன் உயிர், ஒன்று ஏறும், ஆக அடிப்பதற்கும் வழி குறைந்துகொண்டே போகும். அந்த ஆட்டம் இன்னும் பத்து நிமிடம் நடந்தது, ஆனால் நான் ஆடியது மூன்றாவது நிமிடத்தோடு முடிந்துவிட்டது. அந்த மாதம் ரிச்மண்டில் நடந்த மிதிக் சாம்பியன்ஷிப்பில் மூன்றில் இரண்டு பங்கு டெக்குகளில் ஓக்கோ இருந்தது, நவம்பர் 18-ஆம் தேதி தடை வந்தது. சரியான முடிவு. ஆனால் அந்த ஆறு வாரத்தில் எங்களோடு ஆட வந்த ஒருவர் நிறுத்திவிட்டார், இன்றுவரை திரும்பவில்லை.

மாடர்ன் கட்சியில் எங்களில் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. மாடர்னில் சுழற்சி கிடையாது, கட்டிய டெக் கையில் நிற்கும், ஒவ்வொரு டெக்கையும் ஐந்து வருடம் ஆடிக் கரைகண்டவர்கள் இருக்கிறார்கள், நல்ல நாளில் இரண்டு தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஆடும் மாடர்ன் ஆட்டத்துக்கு ஈடாக வேறு எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் சுழற்சி இல்லை என்பது பெயருக்குத்தான். 2019, 2021, 2024 என்று மூன்று மாடர்ன் ஹொரைசன்ஸ் செட்டுகள் நேரடியாக மாடர்னுக்குள் இறங்கின, ஒவ்வொன்றும் பழைய டெக்குகளைத் துடைத்துப்போட்டது. 2019-இல் ஹோகாக் என்ற கார்டு, 2024-இல் நாடூ.

நாடூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சமநிலை எப்படிக் கெடுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் இல்லை. நாடூ, விங்டு விஸ்டம். உங்கள் கிரீச்சர் (சண்டையிடும் உயிரினக் கார்டு) எதையாவது ஒரு ஸ்பெல்லோ திறமையோ குறிவைத்தால் டெக்கின் மேல் கார்டைத் திறந்து காட்டுவீர்கள், நிலம் (மனா தரும் கார்டு) என்றால் நேராக மேசைக்கு, இல்லையென்றால் கைக்கு. ஒவ்வொரு கிரீச்சருக்கும் ஒரு டர்னில் இரண்டு முறை. ஷூக்கோ என்ற பழைய ஆயுதத்தை மாட்டுவதற்கு மனா செலவே இல்லை, ஆக அதை இவனிடமிருந்து அவனுக்கு, அவனிடமிருந்து இவனுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் டெக்கே கையில் வந்துவிடும். நாடூவை வடிவமைத்த மைக்கேல் மேஜர்ஸ் பிறகு வெளிப்படையாக எழுதினார். கடைசி நேரத்தில் கார்டின் வாசகத்தை மாற்றினார்கள், மாற்றிய வடிவத்தை யாரும் ஆடிப் பார்க்கவில்லை, மனா செலவில்லாத திறமைகளோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பது கண்ணில் படவில்லை. அவர் அப்படி ஒப்புக்கொண்டதை நான் மதிக்கிறேன். ஆனால் இது முதல் தடவை இல்லை. 2004-இல் வந்த ஸ்கல்கிளாம்ப் கார்டிலும் இதே கதைதான். ஒரு மனா ஆயுதம், தாக்கும் வலிமையை ஒன்று கூட்டி, தாங்கும் வலிமையை ஒன்று குறைக்கும், மாட்டிய கிரீச்சர் செத்தால் இரண்டு கார்டு கிடைக்கும். அந்தக் குறைப்பும் கடைசி நேரத்தில் செய்த மாற்றம்தான். குறைப்பதால் கார்டு பலவீனமாகும் என்றுதான் பார்த்தால் தோன்றும். ஆனால் சின்னக் கிரீச்சர்கள் மாட்டிய உடனே தானாகச் செத்தன, ஒரு மனாவுக்கு இரண்டு கார்டு என்று ஆகிவிட்டது. அந்த வருடம் ஜூனில் தடை. இருபது வருட இடைவெளியில் ஒரே தவறு. இதைச் சொல்வது குறை சொல்ல இல்லை. இவ்வளவு பெரிய ஆட்டத்தில் ஓட்டை விழத்தான் செய்யும், விழுந்த ஓட்டையை யார், எப்போது அடைக்கிறார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய விஷயம்.

மாடர்னில் அதை அடைக்க நேரம் பிடிக்கிறது. நாடூ 2024 ஜூனில் வந்தது, அந்த மாதக் கடைசியில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ப்ரோ டூரை அதை வைத்தே சைமன் நீல்சன் வென்றார், தடை வந்தது ஆகஸ்ட் 26. இரண்டு மாதம். எட்டு ஞாயிறு. அது போன பிறகும் த ஒன் ரிங் என்ற இன்னொரு பலமான கார்டு மிச்சம் இருந்தது, அதைத் தடை செய்ய டிசம்பர் ஆயிற்று. அதே டிசம்பரில் 2016-இல் தடை செய்த ஸ்ப்ளின்டர் ட்வின் என்ற கார்டை விடுவித்தார்கள் என்பதும் உண்மை, அதைப் பார்த்து எங்கள் குழுவில் ஒருவர் பெட்டியைத் திறந்து பழைய டெக்கை எடுத்து முகர்ந்து பார்த்தார். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் த ஒன் ரிங்கை நாலு பிரதி வாங்கியவர்களுக்கு அந்த டிசம்பர் எப்படி இருந்திருக்கும்? மாடர்ன் டெக் என்பது பல நூறு டாலர் சமாசாரம், சிலது ஆயிரத்தைத் தாண்டும். அவ்வளவு பணத்தைப் போட்டுவிட்டு, தூரத்தில் யாரோ எழுதும் ஒரு அறிவிப்புக்காகத் திங்கட்கிழமைகளில் காத்திருப்பதை நான் எங்கள் குழுவுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கமாண்டர். இதுதான் கடினமான முடிவு, ஏனென்றால் எங்களில் அதிகம் பேருக்குப் பிடித்தது இதுதான், எனக்கும் பிடிக்கும்.

நூறு கார்டு, அடிப்படை நிலங்கள் தவிர ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிரதி, நாற்பது லைஃப் (உயிர்ப் புள்ளி), வழக்கமாக நாலு பேர் ஒரே மேசையில். அலாஸ்காவில் நண்பர்களுக்குள் எல்டர் டிராகன் ஹைலேண்டர் என்ற பெயரில் தொடங்கியது, ஷெல்டன் மெனரி என்பவர் அதை ஊர் உலகத்துக்குக் கொண்டுபோனார், 2011-இல் மேஜிக்கை வெளியிடும் கம்பெனியே அதற்கென்று டெக்குகள் வெளியிடத் தொடங்கியது. நாலு பேர் ஆட்டத்தில் சமநிலை தானாக வரும் ஒரு வழி உண்டு. யார் முன்னே ஓடுகிறாரோ அவரை மற்ற மூன்று பேரும் சேர்ந்து பிடித்து இழுப்பார்கள். கார்டில் இருக்கிற ஏற்றத்தாழ்வைப் பேச்சே சரிசெய்கிறது. "அண்ணா, என்னை இந்த டர்ன் விடுங்க, அவனை நான் பார்த்துக்கறேன்" என்று எங்கள் குழுவின் இளையவன் கெஞ்சிப் பேரம் பேசி, மூன்று டர்ன் கழித்து எல்லோரையும் வீழ்த்தி ஜெயித்த ஆட்டம் ஒன்று உண்டு, அன்று தோற்ற மூன்று பேரும் எழுந்து நின்று கைதட்டினோம். அப்படி ஒரு நிமிடத்தை மாடர்ன் தராது.

ஆனால் அதே மேசையில் இன்னொரு ஞாயிறும் நடந்தது. எங்களில் ஒருவர் கடையில் வாங்கிய ரெடிமேட் டெக்கை அப்படியே கொண்டுவந்தார். மற்ற மூன்று டெக்குகளும் வருடக்கணக்காகச் செதுக்கியவை. அவர் ஐந்தாவது டர்னில் வெளியே போனார். யாரும் அவரைக் குறிவைக்கவில்லை, தற்காப்பு இல்லாததால் அடி அவர் பக்கம் போனது, அவ்வளவுதான். பிறகு அந்த ஆட்டம் ஒன்றரை மணி நேரம் ஓடியது. அவர் முதலில் பார்த்தார், அப்புறம் போனை எடுத்தார், அப்புறம் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். டீ நன்றாக இருந்தது என்று நாங்கள் சொன்னோம். பாதியில் கிளம்பிய மூன்று பேரில் அவரும் ஒருவர். இரண்டு பேர் ஆட்டத்தில் சீக்கிரம் தோற்றால் சீக்கிரம் அடுத்த ஆட்டம், கமாண்டரில் சீக்கிரம் தோற்றால் நீண்ட காத்திருப்பு. என் கேள்விக்கு இங்கே கிடைக்கும் பதில் மோசமானது.

இதைச் சரிசெய்யத்தான் பிராக்கெட் முறை வந்தது, அது வந்த விதமும் வருத்தமானது. 2024 செப்டம்பர் 23-ஆம் தேதி, கமாண்டரை அதுவரை நடத்திவந்த சுயேச்சையான விதிக்குழு மனா கிரிப்ட், ஜூவல்டு லோட்டஸ், டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட், நாடூ ஆகிய நான்கையும் தடை செய்தது. ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்க அது சரியான தடை என்பது என் கருத்து. மனா கிரிப்ட் என்பது செலவே இல்லாமல் இறங்கி டர்னுக்கு இரண்டு மனா தருவது, முதல் டர்னில் அது வந்தவருக்கும் வராதவருக்கும் நடப்பதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் விலை உயர்ந்த கார்டுகள் அவை. பணம் போட்டவர்களின் கோபம் விதிக்குழுவில் இருந்தவர்களுக்குக் கொலை மிரட்டல் வரை போனது. ஒரே வாரத்தில் அவர்கள் ஃபார்மேட்டை விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு விலகினார்கள். அட்டைத் துண்டுக்காக மனிதரை மிரட்டுவதா என்று அன்று எனக்கு உண்மையாகவே மனம் கசந்தது. 2025 பிப்ரவரியில் கம்பெனி ஐந்து பிராக்கெட்களை அறிமுகப்படுத்தியது. ஆட்டத்தையே திருப்பிப்போடும் சில பத்துக் கார்டுகளுக்கு கேம் சேஞ்சர் என்று பெயர். முதல் இரண்டு பிராக்கெட்டில் அவை கூடாது, மூன்றாவதில் மூன்று வரை, நான்கிலும் ஐந்திலும் தடை இல்லை.

நல்ல முயற்சி, எங்களுக்குப் பாதிதான் உதவியது. ஒரு கேம் சேஞ்சர்கூட இல்லாமல் மூர்க்கமான டெக் கட்ட முடியும், மூன்றும் இருந்தும் ஒன்றுக்கும் உதவாத டெக்கும் கட்ட முடியும். கடைசியில் "உன் டெக் உண்மையிலேயே இரண்டுதானா?" என்ற பேச்சில்தான் வந்து நிற்கிறது. அந்தப் பேச்சு நேர்மையாக நடக்கிற குழுவுக்குக் கமாண்டரை விட நல்ல ஃபார்மேட் இல்லை. எங்கள் எட்டுப் பேரும் நேர்மையானவர்கள்தான், ஆனால் தன் டெக்கின் பலம் தனக்கே சரியாகத் தெரியாது என்பதும் உண்மை, நான் உட்பட.

பாப்பர். காமன் என்று, அதாவது எளிதில் கிடைக்கும் வகையாக, அச்சான கார்டுகள் மட்டும். எந்தச் செட்டில் எப்போது காமனாக வந்திருந்தாலும் செல்லும். மற்றபடி அறுபது கார்டு, நாலு பிரதி, இருபது லைஃப், எல்லாம் வழக்கம் போல. இணையத்தில் பல வருடம் ஆடியதை 2019-இல் காகிதத்துக்கும் முறைப்படி கொண்டுவந்தார்கள். ஏழை டெக் என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் அவர் இதை ஆடியதில்லை என்று அர்த்தம். லைட்னிங் போல்ட், கவுன்ட்டர்ஸ்பெல், பிரெய்ன்ஸ்டார்ம் எல்லாம் இங்கே உண்டு. நல்ல டெக்குகள் பெரும்பாலும் நூறு டாலருக்குள் முடிந்துவிடும், அதிலும் பாதிக் கார்டு எங்கள் பழைய டப்பாக்களிலேயே கிடக்கிறது.

ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன். நான் நீல ஃபேரி டெக், எதிரே சிவப்பு. எனக்கு நாலு லைஃப் மிச்சம். இரண்டு ஐலண்டை (நீல நிலம்) தட்டாமல், அதாவது மனா எடுக்காமல் வைத்திருக்கிறேன், கையில் எதிராளியின் ஸ்பெல்லை ரத்து செய்யும் ஒரே ஒரு கவுன்ட்டர்ஸ்பெல். அவரிடம் மூன்று மவுன்ட்டன் (சிவப்பு நிலம்), கையில் இரண்டு கார்டு. ஒரு மவுன்ட்டனைத் தட்டி லைட்னிங் போல்ட் விட்டார், மூன்று அடி. நான் யோசிக்கவே இல்லை, கவுன்ட்டர்ஸ்பெல்லைப் போட்டேன். அவர் தலையாட்டிவிட்டு, மூன்று மவுன்ட்டனில் இரண்டை எடுத்து மெதுவாக ஒதுக்கிவைத்தார். ஃபயர்பிளாஸ்ட். மனாவுக்குப் பதில் இரண்டு மவுன்ட்டனைப் பலி கொடுத்தால் நாலு அடி. எனக்கு இருந்ததும் நாலு. போல்ட்டை வாங்கிக்கொண்டு ஒரு லைஃபோடு நின்றிருந்தால், ஃபயர்பிளாஸ்ட்டை கவுன்ட்டர் செய்திருக்கலாம், அவரிடம் ஒரே ஒரு மவுன்ட்டன்தான் மிஞ்சியிருக்கும், கையில் கார்டே இருந்திருக்காது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு முடிவைத்தான் மனதில் திரும்பத் திரும்ப ஆடினேன். இந்தத் தோல்விக்கும் ஓக்கோ தோல்விக்கும் உள்ள தூரம்தான் நான் சொல்ல வருவது. இரண்டிலும் கணக்குப்படி நான் தோற்றேன், பாப்பரில் தோற்றது நான், ஸ்டாண்டர்டில் தோற்றது என் டெக்.

பாப்பரில் குறை இல்லாமல் இல்லை. கார்டுகள் எளியவை என்பதால் ஆட்டமும் எளிது என்று நினைத்து வருகிறவர்கள் முதல் மாதம் நொந்துபோவார்கள். வேகமான சிவப்பும், ஆர்ட்டிஃபாக்ட் நிலங்களை நம்பி ஆடும் அஃபினிட்டி டெக்கும் எப்போதும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கின்றன. 2022-இல் மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர் என்ற சிவப்புக் கார்டு முதல் முறையாகக் காமனாக வந்தபோது சிவப்பு எல்லை மீறியது, 2023 மே மாதம்தான் தடை. அதுவும் தாமதம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2022 ஜனவரியிலிருந்து பாப்பரைக் கவனிக்க ஆட்டக்காரர்களையும் சேர்த்த ஒரு குழு இருக்கிறது, கம்பெனியின் கேவின் வெர்ஹே தலைமையில். எடுத்த எடுப்பில் ஏடாக் உட்பட மூன்று கார்டுகளைத் தடை செய்தார்கள். அந்த மூன்றில் ஒன்றான ப்ராஃபெடிக் ப்ரிசத்தை 2025 மார்ச்சில் சோதனைக்காக என்று சொல்லியே விடுவித்தார்கள். எனக்குப் பிடித்தது அந்தச் சோதனைக்காக என்ற வார்த்தைதான். தப்பாகப் போனால் திருப்பி வாங்கிக்கொள்வோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வது. இங்கே ஒரு கார்டு தடையானால் யாருக்கும் வீட்டு வாடகை போவதில்லை, அதனால் தடை செய்கிறவர்களுக்கும் கை நடுங்குவதில்லை. சமநிலையைப் பற்றிய சண்டை பாதி பணத்தைப் பற்றிய சண்டை என்று 2024 செப்டம்பர் காட்டிவிட்டது. பணத்தை வெளியே எடுத்துவிட்டால் மிச்சம் ஆட்டத்தைப் பற்றிய பேச்சாக இருக்கிறது.

கியூப் பற்றி எங்கள் குழுவில் யாரும் பேசவில்லை, நான்தான் கொண்டுவருகிறேன். நாமே 360 கார்டு தேர்ந்தெடுத்து ஒரு பெட்டியில் வைப்பது. எட்டுப் பேருக்கு ஆளுக்கு 45, பதினைந்து பதினைந்தாக மூன்று பாக்கெட். ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ள வேண்டும், சேர்ந்ததை வைத்து நாற்பது கார்டு டெக் கட்டி ஆட வேண்டும். ரம்மிக்கு மிக அருகில் வருவது இதுதான், எல்லோரும் ஒரே குவியலிலிருந்து எடுக்கிறோம். ஒரு கார்டு அநியாயத்துக்குப் பலமாக இருந்தாலும் பரவாயில்லை, அது இன்று என் கையில், அடுத்த முறை உங்கள் கையில். பிடிக்கவில்லையா, வாக்கெடுத்து அன்றிரவே பெட்டியிலிருந்து எடுத்துவிடலாம், எந்த அறிவிப்புக்கும் காத்திருக்க வேண்டாம்.

வேலை அதிகம் என்பதுதான் தடை. இப்படிக் கார்டு எடுக்கும் டிராஃப்ட்டுக்கு முக்கால் மணி நேரம், டெக் கட்ட அரை மணி, முடிந்ததும் 360 கார்டையும் திரும்பக் கலைத்து அடுக்க இன்னொரு அரை மணி. எட்டுப் பேரில் ஒருவர் வராவிட்டாலே கணக்கு இடிக்கும். வாரா வாரம் நடக்காது. கனடாவில் ஆடும் ஹைலேண்டர் முறையையும் பார்த்தேன், நூறு கார்டு டெக்கில் பலமான கார்டுகளுக்குப் புள்ளி வைத்து, மொத்தம் பத்துப் புள்ளிக்குள் கட்டச் சொல்வது. தடையே இல்லாமல் சமன்செய்யும் அருமையான யோசனை, ஆனால் அதற்குத் தேவையான பழைய கார்டுகள் எங்களில் யாரிடமும் இல்லை.

ஆக என் ஓட்டு பாப்பருக்கு. மாதத்தின் முதல் மூன்று ஞாயிறும் பாப்பர், மூன்றில் இரண்டு ஜெயிக்கும் ஆட்டம், ரவுண்டுக்கு ஐம்பது நிமிடம், நாலு ரவுண்டு. கடைசி ஞாயிறு கியூப், அதற்கான 360 கார்டையும் காமன் கார்டுகளிலேயே சேர்த்துவிடலாம், செலவும் மிச்சம். எட்டுப் பேர் வராத நாளில் கமாண்டர், ஆனால் வெளியே போனவர் அரை மணிக்கு மேல் உட்கார்ந்திருந்தால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்தி, அதிக லைஃப் இருப்பவர் ஜெயித்தார் என்று முடிப்பது. மாடர்ன் கட்சிக்காரர்கள் மூன்று பேரும் சனிக்கிழமை வைத்துக்கொண்டால் நானும் வருகிறேன், ஸ்ப்ளின்டர் ட்வின் எதிரே உட்கார எனக்கும் ஆசை இருக்கிறது.

எங்களுக்கென்று ஒரு தடை விதியும் வேண்டும். ஒரு கார்டு நான்கு வாரம் தொடர்ந்து தொல்லை கொடுத்தால் வாக்கெடுப்பு, எட்டில் ஆறு பேர் சொன்னால் இரண்டு மாதம் தடை, பிறகு தானாகத் திரும்ப வரும். வாக்கெடுப்பைக் கேட்கிறவர் ஒரு ஆட்டமாவது அந்தக் கார்டைத் தானே வைத்து ஆடியிருக்க வேண்டும்.

டீ வாங்கி வந்தவருக்கு நேற்று போன் செய்தேன். பாப்பர் என்றதும் "சிவப்பு டெக் ஒண்ணு கட்டித் தரியா?" என்று கேட்டார். என் டப்பாவில் லைட்னிங் போல்ட் நாலும் இருக்கின்றன, ஃபயர்பிளாஸ்ட் மூன்றுதான் கிடைத்தது. யாரிடமாவது நாலாவது இருந்தால் ஞாயிறு எடுத்து வாருங்கள்.